ஆறுமூலைத் திருடன்

அத்தியாயம் 4

"பேருக்கு விசாரிங்க, அது போதும்" என்று ஆதிகேசவன் சொன்ன நொடியிலேயே துப்பறிவாளர் செங்கல்வராயனுக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போய்விட்டது.

பிடிக்காமல் போக வேறு காரணங்களும் இருந்தன. ஆம்பூரில் ஜனங்கள் தோல் வாசனையிலேயே பிறந்து தோல் வாசனையிலேயே போய்ச் சேர்கிறார்கள். இந்த மகானுபாவர் மட்டும் ஜன்னலைச் சாத்தி, ஏ.சி.யைப் போட்டு, அறை முழுக்க அத்தர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு போடுகிற வாசனை மூக்கில் ஏறக் கூடாதாம். கம்பெனியைக் கட்டியவர் மாமனார். இவர் கட்டியது மாமனாரின் பெண்ணை. அந்த ஒரு தகுதியில் நாற்காலி கிடைத்தது. மேஜை மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கால்பந்து இருந்தது. அதை அவர் கையால் தொட்டதற்கான அடையாளமே இல்லை.

டெல்லியில் ஏஷியாட் விளையாட்டுப் போட்டி நடக்கப் போகிறதென்று ஊரெல்லாம் பந்துப் பைத்தியம் பிடித்து அலைந்த வருஷம் அது. ஆதிகேசவனின் கம்பெனியும் ஷூவை விட்டுவிட்டுப் பந்துக்கு மாறியிருந்தது.

"போனது இன்னா?" என்று கேட்டார் செங்கல்வராயன்.

"டை! பந்து வெட்டற டை!"

டை என்பது தோல் வெட்டும் இரும்பு அச்சு. தோல் மேல் வைத்து ஓங்கி ஓர் அடி கொடுத்தால் அச்சின் வடிவத்தில் துண்டு விழும். அது இல்லாவிட்டால் பந்தும் இல்லை, கம்பெனியும் இல்லை.

"ஆறுமூலை டை. நேத்து காலையில நானே போய் டை வெக்கற ராக்கைப் பார்த்தேன். பந்து டை மொத்தமும் போயிடுச்சு. ஒண்ணுகூட மிச்சமில்ல."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் இன்னாய்யா சந்தேகம்! கன்னியப்பன்னு தோல் வெட்டற கட்டர் ஒருத்தன். சங்கம் வெக்கணும்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சவன். கொழுப்பெடுத்த கழுதை. யாரோ போலீசுக்கு போன் போட்டு, அவன் வீட்டுக் கோழிக்கூட்டைப் பாருங்கன்னு சொல்லியிருக்காங்க. போய்ப் பார்த்தா டை அங்க இருக்கு."

"கோழியே போன் பண்ணியிருக்கும் சார்" என்றான் குர்ஷித்.

குர்ஷித், செங்கல்வராயனின் உதவியாளன். வேலூர் லாங் பஜாரில் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அவருடைய ஆபீஸில் நாற்காலி ஒன்று, ஃபேன் ஒன்று, குர்ஷித் ஒருத்தன். இதில் ஃபேன் மட்டும்தான் எப்போதாவது வாயை மூடும்.

ஆதிகேசவன் அவனை ஈயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆளு லாக்கப்புல இருக்கான். மத்தியானம் கோர்ட்டுல நிறுத்தி, வேலூர் ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க."

"எல்லாம் முடிஞ்சிடுச்சே. அப்புறம் நான் எதுக்கு?"

"ஷெட்டுல போய்ப் பாருங்க. வெளி ஆளு ஒருத்தர் விசாரிச்சு சொன்னாத்தான் கத்தியைத் தொடுவோம்னு அத்தனை பேரும் சட்டமா உக்காந்துட்டாங்க. நாளைக்கு சரக்கு எடுக்க துபாய்க்காரன் வர்றான். நீங்க பேருக்கு நாலு பேரை விசாரிச்சுட்டு, கன்னியப்பன்தான்னு சொல்லிட்டுப் போயிடுங்க."

செங்கல்வராயன் எழுந்தார். அவரைப் பலர் பலவிதமாகத் திட்டியிருக்கிறார்கள். ரப்பர் ஸ்டாம்பாக நினைத்து ஒருத்தன் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

வெளியே தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். கன்னியப்பனின் மனைவி செண்பகம். அழுது முடித்து, இனி அழ ஒன்றுமில்லை என்ற நிலையில் இருந்தாள்.

"நீங்கதான் விசாரிக்க வந்தவரா சார்? அவரு ஜெயிலுக்குப் போறதுகூடப் போகட்டும். வந்துடுவாரு. ஆனா திருடன்னு பேர் விழுந்துட்டா, பேரணாம்பட்டு தொட்டு ராணிப்பேட்டை வரைக்கும் ஒரு தோல் ஷாப்புலயும் அவரை உள்ள சேக்க மாட்டாங்க. இங்க கத்தியை நம்பித்தான் கட்டரை எடுப்பாங்க, ஆனா கையை நம்பித்தான் வெச்சிருப்பாங்க. அந்தப் பேரை மட்டும் காப்பாத்திக் குடுங்க சார்."

"பார்க்கிறேம்மா" என்றார் செங்கல்வராயன். ஆறுதல் சொல்லும் கலை அவருக்குக் கைவந்ததே இல்லை.

பந்து ஷெட்டில் தைக்கிற பெண்கள் ஊசியைச் செருகிவிட்டுச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குர்ஷித் நேராக ராக்குக்குப் போனான். மேல்தட்டு காலி. நடுத்தட்டு காலி. குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தவன் விசில் அடித்தான்.

"சார், ஒண்ணுகூட மிச்சமில்லன்னு முதலாளி சொன்னாரே. இங்க ஒருத்தர் சௌகரியமா குந்தினு இருக்கார்."

கனமான இரும்பு அச்சு. செங்கல்வராயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து பக்கம், ஐந்து மூலை.

"இது இன்னாம்மா?"

பெண்களில் மூத்தவளான சுகரா பேகம் தலையைத் தூக்கினாள். "அதுவா? அஞ்சுமூலை டை. கறுப்புத் துண்டு வெட்டறது."

"பந்துக்கா?"

"பின்ன, பூரிக்கா?"

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அந்த ஷெட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"பந்து டைன்னா ஆறுமூலைன்னு சொன்னாங்களே ஆபா?" என்றான் குர்ஷித், மூத்த அக்காவைக் கூப்பிடுகிற உரிமையோடு.

"அது எங்க பேச்சு தம்பி. ஷூ வேலை நாலுமூலை, பந்து வேலை ஆறுமூலை. ஆறுமூலைக்குப் போன்னா இந்த ஷெட்டுக்குப் போன்னு அர்த்தம். அதுக்காக அஞ்சுமூலை இல்லன்னு ஆயிடுமா? இட்லிக் கடைன்னு சொல்றோம். அங்க சட்னி கிடையாதா?"

செங்கல்வராயன் வெட்டு மேஜைப் பக்கம் போனார். ஏற்கெனவே வெட்டிக் கிடந்த வெள்ளைத் துண்டுகளில் மூன்றை எடுத்து மேஜையில் போட்டார். மூன்றும் ஆறுமூலை. மூலையோடு மூலை சேர்த்து வைத்தார். நடுவில் ஒரு நூல் நுழைய இடமில்லாமல் மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின.

"குர்ஷித், இந்த மூலை எத்தனை டிகிரி?"

"சார், நான் எட்டாங்கிளாஸ்லயே கணக்கு வாத்தியாரோட சண்டை போட்டுட்டு வெளிய வந்தவன்."

"அவர் செஞ்ச புண்ணியம்" என்றார் செங்கல்வராயன். சாக்பீஸை எடுத்து ஒரு துண்டின் மேலேயே கோடு போட்டார். "ஒரு மூலையில நில்லு. பக்கத்து மூலை ரெண்டையும் விட்டுடு. மத்த மூணு மூலைக்கும் கோடு இழு. எத்தனை முக்கோணம் ஆச்சு?"

"ஒண்ணு... ரெண்டு... நாலு."

"ஒரு முக்கோணத்துக்குள்ள நூத்தியெண்பது டிகிரி. நாலுக்கு எழுநூத்தியிருபது. ஆறு மூலையும் சமமா இருந்தா, மூலைக்கு நூத்தியிருபது. மூணு துண்டு ஒரு இடத்துல சேர்ந்தா முந்நூத்தியறுபது. ஒரு முழுச் சுத்து. இடுக்கும் இல்ல, இடிக்கவும் இல்ல. இதையே தைச்சுக்கிட்டுப் போனா இன்னா வரும்?"

"பந்து."

"பந்து வராதுடா. சப்பையா படுத்துக்கும். பாய்தான் வரும்."

"பாய் காலையிலயே வந்துட்டேனே சார்" என்றான் குர்ஷித், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி. சுகரா பேகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செங்கல்வராயன் சிரிக்கவில்லை. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறுப்புத் துண்டு ஒன்றை வைத்தார். அஞ்சுமூலை. இப்போது ஒரு மெல்லிய இடுக்கு விழுந்தது.

"அஞ்சுமூலைக்கு மூணு முக்கோணம்தான். மூலைக்கு நூத்தியெட்டு. பன்னெண்டு டிகிரி குறையுது பார். இந்த இடுக்கை இழுத்து மூடித் தைச்சா தோல் வேற வழியில்லாம மேல எழும்பும். அந்தக் குறைதான்டா பந்து."

"அதான் சார் குண்டா இருக்கிறவங்க எல்லாம் ஏதோ குறையோட இருக்காங்க" என்றான் குர்ஷித்.

"உளறாம யோசி. இந்தத் திருடன் ஆறுமூலையை எடுத்தான், அஞ்சுமூலையை விட்டுட்டான். தினம் ரெண்டையும் கையில பிடிச்சு வெட்டறவன் கன்னியப்பன். அவன் திருடியிருந்தா ரெண்டையும் எடுத்திருப்பான். செருப்புத் திருடப் போனவன் ஒத்தைக் கால் செருப்போட வருவானா? இதை எடுத்தவனுக்குப் பந்துன்னா இன்னான்னே தெரியாது. கீழ்த்தட்டுல இருந்ததைப் பார்த்தும் இது பந்து டைன்னு புரியல அந்த மண்டூகத்துக்கு."

தைக்கிறவர்களுக்குத் தெரியும். வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். தோலைத் தொடாதவன் யார்? செங்கல்வராயனின் கண் கண்ணாடி அறைக்குள் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மேனேஜர் தனகோடி மேல் விழுந்தது. மெட்ராஸில் படித்துவிட்டு வந்து, தமிழில் பேசுவதையே ஏதோ தானம் செய்வதுபோலச் செய்கிற ஆசாமி. ஆம்பூர் வெயிலில் கழுத்தில் டை கட்டுகிறவனை எதற்கும் நம்பலாம் என்று செங்கல்வராயனுக்குத் தோன்றவில்லை.

"இவருக்குத் தெரிஞ்ச ஒரே டை கழுத்துல இருக்கறதுதான் சார்" என்று குர்ஷித் காதோடு சொன்னான்.

செங்கல்வராயன் உள்ளே போய் உட்காராமலே கேட்டார். "மேனேஜர் சார், ஒரு பந்துக்கு எத்தனை துண்டு?"

தனகோடி பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வெள்ளை இருபது, கறுப்பு பன்னிரண்டு. வெள்ளை ஆறுமூலை, கறுப்பு அஞ்சுமூலை. அந்த அஞ்சுமூலை டையாவது மிஞ்சியிருக்கேன்னு நேத்தே எண்ணெய் போட்டு, இருந்த கீழ்த்தட்டுலயே திரும்ப வெக்கச் சொன்னதும் நான்தான். ஏன் சார், இதுகூடத் தெரியாம இந்தக் கம்பெனியில எவன் வேலை பார்ப்பான்?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. செங்கல்வராயன் வெளியே வந்து தூணில் சாய்ந்துகொண்டார். மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த ஒரே நூலும் அறுந்துவிட்டது. அதைவிட, ஒரு கழுத்துப்பட்டியைப் பார்த்து ஆளை முடிவு செய்துவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

"வாட்ச்மேனா இருக்குமா சார்?" என்றான் குர்ஷித்.

"அவன் மடியில பிஞ்ச பந்தை வெச்சுத் தைச்சுக்கிட்டு இருந்ததை நீ பார்க்கல?"

"அப்ப டீக்காரர்?"

செங்கல்வராயன் தூணைவிட்டு நிமிர்ந்தார். தனகோடி கடைசியாகச் சொன்னது மட்டும் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இதுகூடத் தெரியாமல் இந்தக் கம்பெனியில் எவன் வேலை பார்ப்பான்? வேலை பார்ப்பவன் எவனும் இல்லை. சரிதான். ரொம்பச் சரி.

அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைக் கண்டால் குர்ஷித்துக்கே கொஞ்சம் பயம்.

"இன்ஸ்பெக்டருக்கு போன் பண்ணு. கன்னியப்பனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போற வழியில இங்க ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லு. கோழிக்கூட்டுல எடுத்த டையையும் கொண்டு வரச் சொல்லு. முதலாளியையும் ஷெட்டுக்குக் கூப்பிடு."

"அவரு ஷெட்டுக்குள்ள வருவாரா? வாசனை ஒத்துக்காதே."

"கன்னியப்பன்தான்னு எல்லார் எதிரிலயும் சொல்லப் போறேன்னு சொல்லு. ஓடி வருவார்."

ஓடித்தான் வந்தார். மூக்கில் கைக்குட்டையும் முகத்தில் திருப்தியுமாக வந்து ஷெட்டின் நடுவில் நின்றார். ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் கனகராஜ் இறங்கினார். பின்னாலேயே கைவிலங்கோடு கன்னியப்பன். ஒல்லியான மனுஷன், நாலு நாள் தாடி. யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றான். செண்பகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

கனகராஜ் ஓர் அட்டைப்பெட்டியை மேஜையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஆறுமூலை டை.

"சீக்கிரம் சொல்லுங்க சார், கோர்ட்டுக்கு நேரமாகுது."

செங்கல்வராயன் தொண்டையைச் செருமினார். "நான் இத்தனை வருஷமா திருடனுங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். பூட்டைத் திறக்கத் தெரியாதவன், ஓடத் தெரியாதவன், எல்லாரையும் பார்த்தாச்சு. ஆனா இந்த டையை எடுத்தவன் மாதிரி ஒரு வடிகட்டின முட்டாளை நான் பார்த்ததே இல்ல."

ஆதிகேசவன் கைக்குட்டையை இறக்கினார்.

"இந்த ஊர்ல ரோட்டுல பந்து விளையாடற பசங்களுக்குத் தெரிஞ்சது இவனுக்குத் தெரியல" என்றார் செங்கல்வராயன். "மூளை இருக்க வேண்டிய இடத்துல தவிடு. கையில கிடைச்சதைத் தூக்கிட்டுப் போய்ட்டான், அரைவேக்காடு."

"தவிடு இருந்தா கோழியாவது தின்னும் சார். அதுகூட இல்லாம இருக்கும்" என்றான் குர்ஷித்.

"இதெல்லாம் எதுக்கு? கன்னியப்பன்தான்னு சொல்லிட்டுப் போங்க" என்றார் ஆதிகேசவன். குரல் கொஞ்சம் இறுகியிருந்தது.

"சொல்றேன் சார். திருடனோட லட்சணத்தை முதல்ல சொல்லணும் இல்ல? இன்ஸ்பெக்டர் சார், கோழிக்கூட்டுல இருந்து நீங்க எடுத்தது பாதி டைதான். திருடத் தெரியாத மடையன் பாதியை வெச்சுட்டுப் போயிருக்கான். மீதிப் பாதி எங்கன்னு அவனுக்கே தெரியாது. மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லாத ஜென்மம்."

பெண்கள் சிரித்தார்கள். சுகரா பேகம், "மாடு இவனை மேய்ச்சிரும்" என்றாள். சிரிப்பு இன்னும் கூடியது. தனகோடிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

ஆதிகேசவனின் காது சிவந்தது. பிறகு கழுத்து சிவந்தது. இந்தப் பெண்கள் எதிரிலா? தன் சம்பளம் வாங்குகிறவர்கள் எதிரிலா?

"இன்னாய்யா பாதி?" என்று வெடித்தார். "யாரைப் பார்த்து மடையன்னு சொல்ற? பந்துக்கு ஒரே தினுசு டைதான்யா! ஆறுமூலை! பந்து முழுக்க ஆறுமூலைதான், கறுப்பு சும்மா சாயம் போட்டது! பாதியாம், பாதி! முழுசாத்தான்யா கோணியில சுத்தி வெச்சேன்—"

நிறுத்தினார். ரொம்ப லேட்டாக நிறுத்தினார்.

கனகராஜ் மெல்லத் திரும்பினார்.

"எதை சார் வெச்சீங்க?"

"வெச்... வெச்சான்னு சொன்னேன். கன்னியப்பன் வெச்சான்."

"இல்ல சார்" என்றான் குர்ஷித் பணிவாக. "வெச்சேன்னுதான் விழுந்துச்சு. எனக்குக் கணக்குதான் வராது. தமிழ் நல்லா வரும்."

"அது இருக்கட்டும்" என்றார் கனகராஜ். "டை கோணியில சுத்தியிருந்ததை நானும் என் கான்ஸ்டபிளும் மட்டும்தான் பார்த்தோம். கோணி ஸ்டேஷன்ல இருக்கு. இங்க நான் கொண்டு வந்தது அட்டைப்பெட்டி. கோணின்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

ஆதிகேசவன் கைக்குட்டையை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டார்.

"கோணம் தெரியாதவரு கோணியில மாட்டிக்கிட்டாரு" என்று குர்ஷித் முடித்து வைத்தான்.

செங்கல்வராயன் அந்த அஞ்சுமூலை டையைக் கொண்டுவந்து ஆதிகேசவனின் எதிரில் மேஜை அதிரும்படி வைத்தார். "ராக்கை நானே பார்த்தேன், பந்து டை ஒண்ணுகூட இல்லன்னு சொன்னீங்களே. இது அப்பவும் அங்கதான் இருந்துச்சு. உங்க கண்ணுக்கு முன்னால. உங்க பந்து, உங்க ராக், உங்க டை. இன்னான்னு தெரியல உங்களுக்கு. சங்கம் வெக்க நினைச்சவனை ஒழிக்கத் திட்டம் போட்டீங்க. அந்தத் திட்டத்துக்குக்கூடப் பந்துல எத்தனை மூலைன்னு தெரிஞ்சிருக்கணும். எனக்குத் திருடனைப் பிடிக்கிறது தொழில், அதுல கோபம் வராது. உங்களைப் பார்த்தா அருவருப்பா இருக்கு."

"நான்யா உன்னைக் கூப்பிட்டது!" என்று கத்தினார் ஆதிகேசவன்.

"பேருக்குத்தானே கூப்பிட்டீங்க" என்றார் செங்கல்வராயன்.

கனகராஜ் கன்னியப்பனின் கைவிலங்கைக் கழற்றினார். கழற்றியதைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஜீப்புல ஏறுங்க சார்" என்று ஆதிகேசவனைப் பார்த்துச் சொன்னார். கன்னியப்பன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றான். விடுதலையாகிவிட்டோம் என்பது அவனுக்கு இன்னும் ஏறவில்லை போலிருந்தது.

ஆதிகேசவன் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக ஜீப்பை நோக்கி நடந்தார். அவர் காலை உள்ளே வைக்கப் போகும்போது செண்பகம் குறுக்கே போய் நின்றாள். ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சொல்லு" என்றாள்.

"இன்னா சொல்லணும்?"

"எம் புருஷன் திருடன் இல்லன்னு சொல்லு. போலீஸ் சொன்னாப் பத்தாது. விசாரிக்க வந்த இந்த சாரு சொன்னாப் பத்தாது. திருடன்னு ஊரெல்லாம் சொன்னது உன் வாயி. அந்த வாயால சொல்லு."

"விடு செண்பகம்" என்றான் கன்னியப்பன்.

"நீ சும்மா இருய்யா."

ஆதிகேசவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். கனகராஜ் ஜீப்பின் டயரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். செங்கல்வராயன் பக்கம் பார்த்தார். அவர் மார்பில் கை கட்டி நின்றார். வேறு வழியில்லாமல் ஆதிகேசவன் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"எனக்கே கேக்கல" என்றாள் செண்பகம். "அதோ அந்த சைக்கிள்காரருக்குக் கேக்கணும்."

"கன்னியப்பன் திருடன் இல்ல" என்றார் ஆதிகேசவன், இந்த முறை உரக்க.

செண்பகத்தின் கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கவில்லை. வழியும் விடவில்லை.

"இன்னொரு தபா" என்றாள்.